காவல் கொட்டிலில் பத்து ரேடியோக்கள்: மெஷ்டாஸ்டிக்கை ஒரு காலபோகம் பாவித்த அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரையில் எங்களுக்கு நாலு ஏக்கர் வயல். வயல் முடிகிற இடத்தில் காடு. தை மாதம் கதிர் முற்றி மணம் வரத் தொடங்கினால் யானையும் வரும். அதனால் காலபோகம் என்ற மாரிகால நெற்செய்கையின் கடைசி ஆறேழு கிழமை ஒவ்வொரு இரவும் காவல்தான். காட்டோரமாக எட்டுக் கொட்டில்கள் போட்டிருக்கிறோம். முதல் கொட்டிலுக்கும் கடைசிக் கொட்டிலுக்கும் ஏறக்குறைய 4 கிலோமீற்றர். போன் சிக்னல் இரண்டு கொட்டில்களில் மட்டும் கிடைக்கும், அதுவும் பரணில் ஏறி நின்றால். யானையைக் கண்டவர் தகரம் தட்டுவார், ரோச் அடிப்பார். காற்று எதிர்த்து வீசினால் தகரம் கேட்காது. மழை இருட்டில் ரோச் தெரியாது.

நான் எங்கள் கமக்காரர் அமைப்பின் பொருளாளர். போன காலபோகத்துக்கு அமைப்பின் காசில் 10 சின்ன ரேடியோக் கருவிகள் வாங்கினோம். கொட்டிலுக்கு ஒன்றாக எட்டு, அமைப்புக் கட்டடத்துக் குழாய்க் கம்பத்தின் உச்சியில் ஒன்று, என்னிடம் ஒன்று. பற்றரி, பெட்டி, அண்டெனா எல்லாம் சேர்த்து ஒன்று 12,000 ரூபாவுக்குக் கிட்ட முடிந்தது. ஊர்க்காசு என்பதால் அது எப்படி உழைத்தது என்று எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. வேறு ஊர் அமைப்புகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இதைக் கொண்டுவந்து காட்டியவன் என் அக்காவின் மகன். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். கருவிக்குள் ஓடும் மென்பொருளின் பெயர் மெஷ்டாஸ்டிக். 2020இல் கெவின் ஹெஸ்டர் என்பவர் தொடங்கியது, இலவசம், யாரும் எடுத்துத் தங்கள் கருவியில் போடலாம். லோரா என்ற அலை முறையில் வேலை செய்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும், ஆனால் வேகம் ஆமை வேகம். குரல் போகாது, படம் போகாது, சின்னச் செய்தி மட்டும் போகும். போனைப் புளூடூத்தில் கருவியோடு இணைத்து, போனில் எழுதி அனுப்ப வேண்டும். சிம் வேண்டாம், இன்ரநெற் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

கோபுரம் இல்லாமல் எப்படி என்று கூட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள். ஒரு கருவி சொன்னதைக் கேட்ட அடுத்த கருவி திருப்பிச் சொல்லும், அதைக் கேட்ட அடுத்ததும் திருப்பிச் சொல்லும். எத்தனை தரம் திருப்பிச் சொல்லலாம் என்பதற்கு எல்லை உண்டு. வாங்கும்போது 3 என்று இருக்கும், 7 வரை கூட்டலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் விளங்காது அல்லவா? அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். செய்தி மெலிந்து கேட்ட கருவி பெரும்பாலும் தூரத்தில் இருக்கும், ஆகவே அது முதலில் திருப்பிச் சொல்லும். அதைக் கேட்ட கிட்டத்துக் கருவிகள் பேசாமல் இருந்துவிடும்.

தூரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டுக்கு ஊடாக ஒன்றரைக் கிலோமீற்றர் போனது. குளக்கட்டில் ஏறி நின்று அனுப்பினால் வயல்வெளி முழுவதும் போனது. கம்பத்து உச்சியில் ஒன்று வைத்தபிறகு எட்டுக் கொட்டில்களும் ஒன்றையொன்று கேட்டன. முதல் இரண்டு கிழமையில் மூன்று தரம் யானை வந்தது. மூன்று தரமும் அது வாய்க்காலைத் தாண்டுமுன் வெடியோடு ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். இந்த அளவில் எனக்கு முழுத் திருப்தி.

அப்புறம்தான் அந்த இரவு வந்தது.

இரண்டு மணி இருக்கும். 'மேற்கு வேலி, 3 யானை' என்று செய்தி. அனுப்பியவர் 'க3', அதாவது மூன்றாம் கொட்டில் அப்பு. நாலு கொட்டில் ஆட்கள் சேற்றுக்குள் விழுந்தெழும்பி மேற்கே ஓடினார்கள். அங்கே ஒரு காலடி கூட இல்லை. கோபத்தோடு மூன்றாம் கொட்டிலுக்குப் போனால் அப்பு நித்திரை. அவருடைய கருவியின் பற்றரி இறங்கி, அது எப்போதோ அணைந்து கிடந்தது. அவர் அனுப்பியிருக்கவே முடியாது. என் போனில் பட்டியலைப் பார்த்தேன். 'க3' என்ற பெயரில் இரண்டு கருவிகள் இருந்தன.

விடியக் காலை அப்பு கட்டடத்துக்கு வந்தார். "என்ர பேரில ஆரோ பொய் சொல்லிப்போட்டாங்கள் பிள்ளை," என்றார். "வோக்கியில எண்டா குரலைக் கேட்டே ஆளைப் பிடிச்சிடலாம். உதில வெறும் எழுத்துத்தானே? நான் சொன்னதெண்டு எப்பிடி நம்புவியள்?" போரைக் கண்ட வன்னியில் அவர் வயதுக்காரருக்கு வோக்கிடோக்கி என்றால் என்ன, அதில் வந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை குடும்பங்கள் இடம்மாறின என்பதெல்லாம் தெரியும். அன்றிலிருந்து ஆறு இரவு அவர் கருவியைத் தொடவில்லை. பழையபடி தகரம் தட்டினார்.

ஆகவே இந்தப் பொருளின் ரேடியோ நல்லதா என்பதை விட, அதில் வரும் எழுத்துக்கு ஒரு குரலைக் கொடுக்க முடியுமா என்பதைத்தான் நான் கூடுதலாகப் பார்த்தேன்.

பிழை எங்களுடையது. மெஷ்டாஸ்டிக்கை அப்படியே போட்டு இயக்கினால், எல்லாரும் சேர்ந்து கதைக்கும் அதன் பொதுச் சனலுக்கு ஒரு திறப்பு, அதாவது செய்தியைப் பூட்டவும் திறக்கவும் ஒரு இரகசியக் குறி, இருக்கும். அது உலகத்துக்கே தெரிந்த திறப்பு, பூட்டு என்று சொல்ல ஏலாது. இதை நாங்கள் தொடக்கத்திலேயே மாற்றி, 256 பிற் நீளமுள்ள எங்களுக்கே உரிய திறப்பை உருவாக்கியிருந்தோம். ஏஈஎஸ் என்ற நல்ல பூட்டு முறை, அதை உடைப்பது நடக்காத காரியம். ஆனால் அந்தத் திறப்பைப் பகிரக் கியூஆர் கோடு ஒன்று வரும். அதை ஸ்கிரீன் ஷொட் எடுத்து அமைப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். குழுவில் 60 பேருக்கு மேல். அந்தப் படம் எங்கெங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? ஒரு கருவி வாங்கி அந்தக் கோட்டைக் காட்டிய எவரும் எங்கள் சனலுக்குள் வரலாம், 'க3' என்று பெயரும் வைக்கலாம்.

இங்கே விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சனல் திறப்பு எல்லாருக்கும் ஒன்று. ஒரு வீட்டுத் திறப்பைப் பத்தாக வெட்டிக் கொடுத்த மாதிரி. உள்ளே வந்தவர் திறப்பு வைத்திருந்தார் என்பது பூட்டுக்குத் தெரியும், வந்தவர் யார் என்பது தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டுதான். ஆனால் மென்பொருளைத் திருத்தத் தெரிந்தவர் அந்த எண்ணையும் பொய்யாகப் போடலாம். சனலில் போகும் செய்திக்கு அனுப்பியவரின் கையொப்பம் நாங்கள் பாவித்த பதிப்பில் இல்லை. இது எனக்குப் பெரிய குறை.

கையொப்பத்துக்குக் கிட்டிய ஒன்று தனிச் செய்தியில் இருக்கிறது. 2024இல் வந்த 2.5ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கருவியும் தனக்கென இரண்டு திறப்புகள் செய்துகொள்ளும். ஒன்று கருவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும், மற்றது எல்லாருக்கும் காட்டும் வெளித் திறப்பு. நான் அப்புவுக்குத் தனியாக அனுப்பினால், என் ஒளித்த திறப்பும் அவர் காட்டிய திறப்பும் சேர்ந்து பூட்டும். வேறு யாராலும் வாசிக்க முடியாது, என் பெயரில் அவருக்கு வேறு யாராலும் அனுப்பவும் முடியாது. ஆனால் அவர் காட்டிய திறப்பு உண்மையில் அவருடையதுதானா? முதல் தரம் காற்றில் எது வந்ததோ அதை என் கருவி நம்பி எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு மாறினால் சிவப்புத் திறப்புப் படம் காட்டி எச்சரிக்கும். முதல் தரமே பொய் வந்திருந்தால் எச்சரிக்கை வராது.

இதைச் சொன்னபோது அக்காவின் மகன், "இது பழைய பிரச்சினை சித்தி," என்றான். 1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்டஜானோ, ரோஸ் அண்டர்சன் என்ற இருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முட்டையிலிருந்து வந்த தாராக்குஞ்சு முதலில் அசைந்து சத்தம் போடுவதைத் தாய் என்று எடுத்துக்கொள்ளும், புதுக் கருவியும் அப்படித் தனக்கு முதலில் திறப்புக் கொடுத்தவரைத் தாயாக ஏற்க வேண்டும், அந்தத் திறப்பைக் காற்றில் அனுப்பாமல் தொட்டுக் கொடுப்பதுதான் நல்லது என்பது அவர்கள் கருத்து. எங்கள் வீட்டில் அம்மா கோழியை அடைவைத்துத் தாரா முட்டை பொரிக்க வைப்பார். குஞ்சுகள் கோழிக்குப் பின்னால்தான் போகும், கோழி தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் நின்று கத்தும். அந்தக் காட்சியை நினைத்தவுடன் எனக்கு முழுதும் விளங்கியது. கருவி பிறக்கும்போது கிட்ட இருப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை பத்துக் கருவிகளையும் கட்டடத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். கருவியோடு ஆளும் வர வேண்டும், ஆளில்லாத கருவிக்குத் திறப்பு இல்லை என்று சொல்லிவிட்டோம். பத்தையும் முழுதாக அழித்தோம். அழிக்குமுன் அக்காவின் மகன் ஒவ்வொன்றின் வெளித் திறப்பையும் எழுதிக்கொண்டு வந்தவன், ஏழாவதில் நின்றுவிட்டான். ஐந்தாம் கொட்டிலுக்கும் ஏழாம் கொட்டிலுக்கும் ஒரே திறப்பு! நாங்கள் வாங்கிய விற்பனையாளர் ஒரு கருவியில் மென்பொருளைப் போட்டு, அதையே மற்றதுக்கும் பிரதி எடுத்திருக்கிறார். ஒளித்த திறப்பும் சேர்ந்து பிரதியாகிவிட்டது. ஐந்தாம் கொட்டிலுக்குப் போகும் தனிச் செய்தியை ஏழாம் கொட்டில் திறந்து வாசிக்கலாம். இது எங்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 2025இல் இந்தக் குறை உலகறிய வெளிவந்தது. 2.6.11ஆம் பதிப்பில் திருத்தமும் வந்தது. அதிலிருந்து, வாங்கியவர் தன் நாட்டின் அலைப் பிரதேசத்தை முதல் தரம் தெரிவுசெய்யும்போதுதான் திறப்பு உருவாகும், பிரதித் திறப்பு என்று தெரிந்தால் எச்சரிக்கையும் வரும். மென்பொருள் போட்டு விற்கும் கருவியை வாங்கினாலும், வீட்டுக்கு வந்தவுடன் அழித்துப் புதிதாகப் போடுங்கள். இதைத் தவிர்க்கவே வேண்டாம்.

பிறகு சனல் திறப்பைப் புதிதாக உருவாக்கினோம். என் போனின் திரையிலிருந்து ஒவ்வொருவரும் நேரில் எடுத்தார்கள். படம் எடுக்க விடவில்லை. அதன்பிறகு வெளித் திறப்பை ஒப்பிடுதல். அது 44 எழுத்து நீளம், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்தது. எனக்கும் எட்டாம் கொட்டிலில் இருக்கும் தலைவருக்கும் ஒவ்வொருவருடைய திறப்பும் சரியாகத் தெரிகிறதா என்று சத்தமாக வாசித்துப் பார்த்தோம். அப்புவின் திறப்பை அவருடைய பேத்தி வாசித்தாள். "பெரிய எம், சின்ன கியூ, ஏழு..." நான் என் போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 44ம் சரி. ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே முதல் எட்டு எழுத்தையும் அமைப்பின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி அவரவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அரை நாள் போனது, இரண்டு கேத்தல் தேத்தண்ணி முடிந்தது. அப்பு கையெழுத்து வைத்துவிட்டு, "இனி என்ர பேரில ஆரும் கதைக்கேலாதோ?" என்று கேட்டார். தனிச் செய்தியில் ஏலாது, பொதுச் சனலில் திறப்பு வெளியே போகாத வரைக்கும் ஏலாது என்று உள்ளதைச் சொன்னேன். அன்றிரவு அப்புவின் 'க3' திரும்ப வந்தது.

அதிலிருந்து யானைச் செய்தியை நேரே சனலில் போடுவதில்லை. கண்டவர் எனக்கும் தலைவருக்கும் தனியாக அனுப்புவார். எங்களில் ஒருவர் அதைச் சனலில் எல்லாருக்கும் சொல்வார். அரை நிமிடம் கூடுதலாகப் போகிறது. அந்த அரை நிமிடத்தை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த வலையில் ஒருவருடைய செய்தியை மற்றவர் சுமக்க வேண்டும். ஆறாம் கொட்டில் தம்பி பற்றரியை மிச்சம் பிடிக்கத் தன் கருவியைத் திருப்பிச் சொல்லாத நிலையில் வைத்துவிட்டார். தனக்கு எல்லாம் கேட்டது, அனுப்பவும் முடிந்தது. ஆனால் மழை பெய்த இரண்டு இரவு ஏழாம், எட்டாம் கொட்டில்கள் தனித்துப் போயின. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, செற்றிங்ஸில் கண்டதை மாற்றிப் பார்த்திருக்கிறார். இப்படி வாங்கிக்கொண்டு கொடுக்காத கருவியை மெஷ்டாஸ்டிக் தானாகக் காட்டிக்கொடுக்காது. கிழமைக்கு ஒருமுறை நான்தான் ஒவ்வொன்றையும் சோதிக்கிறேன்.

கருவி தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். ஒன்று உழவு இயந்திரப் பெட்டியில் வைத்தபடி ஒட்டுசுட்டான் பக்கம் போய்க் காணாமல் போனது. கருவி கையில் இருந்தால் அதற்குள் இருக்கும் திறப்புகளை எடுத்துவிடலாம். ஒருவரை மட்டும் சனலிலிருந்து விலக்க வழியில்லை. மிச்ச ஒன்பதுக்கும் திறப்பை மாற்றத்தான் வேண்டும். இன்னொரு சனிக்கிழமை போனது. பழைய செய்திகளைக் காற்றில் பிடித்து வைத்திருந்தவர், பிறகு கிடைத்த திறப்பால் அவற்றையும் திறக்கலாம் என்று அறிந்தபோது கவலையாக இருந்தது. ஆகவே சனலில் யானையைப் பற்றி மட்டும் கதையுங்கள், வீட்டு விஷயம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெண்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் சிலவற்றில் இருப்பிடம் காட்டும் வசதி உண்டு. வரைபடத்தில் எந்தக் கொட்டிலில் யார் என்று தெரியும். கொட்டிலில் ஆண் இருக்கிறார் என்றால் வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தனியே என்று பொருள். பத்திலும் அதை நிற்பாட்டிவிட்டேன். அப்படியிருந்தும் எந்த எண்ணுள்ள கருவி எப்போது கதைத்தது என்பது பூட்டாமல்தான் காற்றில் போகிறது. திறப்பு இல்லாதவரும் அதைக் கேட்கலாம். திரையில்லாத கருவிகளின் புளூடூத் இலக்கம் வாங்கும்போது 123456 என்று இருக்கும். அதையும் முதல் நாளே மாற்றுங்கள்.

தமிழுக்கு இடம் குறைவு. ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைற்தான் அளவு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற் போதும், தமிழில் 'க'வுக்கு மூன்று, 'கா'வுக்கு ஆறு. கருவியின் குறும்பெயருக்கு 4 பைற்தான். ஒரு தமிழெழுத்தும் ஓர் எண்ணும் வைத்தால் முடிந்தது, 'க3' அப்படி வந்த பெயர்தான். கருவியின் சின்னத் திரையில் தமிழ் தெரியாது, போனில்தான் பார்க்க வேண்டும். அதனால் அவசரத்துக்கு எண்களை வைத்துக்கொண்டோம்.

பற்றரியைப் பொறுத்தவரை, ஈஎஸ்பி32 சில்லு உள்ளவை எங்களிடம் ஒரு நாளும் கொஞ்சமும் நின்றன. என்ஆர்எஃப்52840 சில்லு உள்ளவை கிழமைக்கு மேல் நின்றன. கொட்டிலுக்கு இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் அப்புவின் கருவி அன்று அணைந்து கிடந்ததை நினைத்துப் பாருங்கள்.

வாங்குமுன் அனுமதி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் ரேடியோக் கருவிகள் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் வருகின்றன. எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில் என்று எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லி வையுங்கள். காட்டோரத்தில் இரவில் அண்டெனாவோடு ஆள் நின்றால் கேள்வி வரும் மண் இது. பதில் கடிதத்தின் பிரதி ஒவ்வொரு கொட்டிலிலும் பொலித்தீன் பைக்குள் தொங்குகிறது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், ரேடியோவுக்கு ஐந்தும் கொடுப்பேன், தனிச் செய்திக்கு நாலரை. சனலுக்கு மூன்று. கையொப்பமும், தொலைந்த கருவியை விலக்கும் வழியும் வந்தால் கூட்டுவேன். பத்துப் பதினைந்து பேர், ஒருவரையொருவர் தெரிந்த ஆட்கள், ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்கத் தயார் என்றால் தயங்காமல் வாங்குங்கள். முகம் தெரியாத நூறு பேருக்கு ஒரே சனல் என்றால் வேண்டாம்.

நாங்கள் அடுத்த காலபோகத்துக்கு இன்னும் மூன்று வாங்குகிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் புரட்டாதி முதல் சனிக்கிழமை காலையில் கட்டடத்துக்கு வாருங்கள், அன்று புதுக் கருவிகளுக்குத் திறப்புப் போடுவோம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் காட்டுகிறேன். கியூஆர் கோட்டை வட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், அனுப்பமாட்டேன்.